பத்து நானோமீட்டர் பாலிஸ்டைரீன்: இடக்குறுக்கம் கண்ணாடி நிலைமாற்றத்தை என்ன செய்கிறது?

நிகழ்வு

1994 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் கெடி, ஜோன்ஸ், கோரி ஆகிய மூவர் சிலிக்கான் தகடுகளின்மீது நீண்ட சங்கிலி வடிவ மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக்கான (பாலிமரான) பாலிஸ்டைரீனை மிக மெல்லிய படலங்களாகப் பூசி, ஒவ்வொரு படலமும் இளகிய நிலையிலிருந்து கண்ணாடி நிலைக்கு எந்த வெப்பநிலையில் இறுகுகிறது என்று அளந்தார்கள். பெரிய கட்டியாக இருக்கும் பாலிஸ்டைரீனுக்கு, அதாவது பருமப் பொருளுக்கு, அந்த வெப்பநிலை ஏறத்தாழ 373 கெல்வின், 100 டிகிரி செல்சியஸ். நூறு நானோமீட்டருக்கு மேல் தடிமன் கொண்ட படலங்களும் ஏறக்குறைய அதே மதிப்பையே காட்டின. தடிமன் 40 நானோமீட்டருக்குக் கீழே இறங்கியபோது மதிப்பு குறையத் தொடங்கியது. 10 நானோமீட்டரை நெருங்கிய படலங்களில் அது பருமப் பொருளின் மதிப்பைவிட ஏறத்தாழ 25 கெல்வின் குறைவாக இருந்தது. வேதிக் கூறு மாறவில்லை, சங்கிலிகளின் நீளம் மாறவில்லை, எந்தக் கரைப்பானும் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. மாறியது படலத்தின் தடிமன் மட்டுமே.

இந்த ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு, அதன்மீது அடுத்த இருபது ஆண்டுகளில் எழுந்த கேள்விகளையும் எதிர்ப்புகளையும் விளக்கங்களையும் வரிசையாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். நானோ அளவிலான இடக்குறுக்கம், அதாவது பொருளை மிகச் சிறிய இடத்தில் அடைத்துவைப்பது, என்ற தலைப்பில் வந்துள்ள ஆய்வுகள் ஏராளம். அவற்றுள் ஒன்றுக்கொன்று முரண்படுவனவும் பல. ஆனால் பாலிஸ்டைரீன் படலம் என்ற ஒரே நிகழ்வைக் கவனமாகப் பின்தொடர்ந்தால், அந்த முரண்பாடுகளில் பெரும்பாலானவை இரண்டு இடங்களிலிருந்து பிறப்பது தெரியவரும். ஒன்று, படலத்தின் எல்லைகள். மற்றொன்று, நாம் எதை அளந்துவிட்டு அதற்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர் வைக்கிறோம் என்பது.

அளக்கப்படும் பொருள் எது?

நீர் பனியாவது போன்ற நிலைமாற்றம் அல்ல கண்ணாடி நிலைமாற்றம். ஒரு திரவத்தைப் படிகமாக விடாமல் குளிர்வித்தால் அதன் மூலக்கூறுகளின் அசைவு மெதுவாகிக்கொண்டே போகிறது. பாகுத்தன்மை பல கோடி மடங்கு ஏறுகிறது. ஒரு கட்டத்தில், மூலக்கூறுகள் தம் இருப்பிடத்தை மாற்றியமைத்துக்கொள்ள எடுக்கும் தளர்வு நேரம், நாம் குளிர்விக்கும் வேகம் அனுமதிக்கும் நேரத்தைவிட நீண்டுவிடுகிறது. அப்போது திரவம் சமநிலையை எட்ட முடியாமல் பின்தங்கி, இருந்த அமைப்பிலேயே நின்றுபோகிறது. அந்த இடத்தில் தளர்வு நேரம் ஏறத்தாழ 100 நொடியாகவும், பாகுத்தன்மை 10 இன் 12 ஆம் அடுக்கு பாஸ்கல்-நொடி அளவிலும் இருக்கும் என்பது வழக்கமான வரையறை. இன்னும் மெதுவாகக் குளிர்வித்தால் மாற்றம் சற்றே குறைந்த வெப்பநிலைக்கு நகரும்; குளிர்விக்கும் வேகம் பத்து மடங்கு மாறினால் பாலிஸ்டைரீன் போன்ற பாலிமருக்குச் சில கெல்வின் அளவில் இந்த நகர்வு இருக்கும். ஆகவே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பது பொருளின் பண்பும் அளக்கும் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஓர் எண். பின்னால் வரும் சர்ச்சைகளில் பாதியும் இந்த ஓர் உண்மையை மறந்ததால் நீண்டவை என்றே நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட ஒன்றை இடக்குறுக்கம் ஏன் பாதிக்க வேண்டும்? 1965 இல் ஆடம், கிப்ஸ் ஆகிய இருவரும் முன்வைத்த கருத்து இங்கு முக்கியமானது. அடர்ந்த, குளிர்ந்த திரவத்தில் ஒரு மூலக்கூறு தனியாக நகர முடியாது. அதைச் சுற்றியுள்ள பல மூலக்கூறுகள் ஒன்றாக இடம்மாற வேண்டும். அந்தக் கூட்டு அசைவின் பரப்பு வெப்பநிலை குறையக் குறைய விரிகிறது என்றார்கள். நிலைமாற்ற வெப்பநிலையில் அதன் நீளம் சில நானோமீட்டர் என்று பிற்கால மதிப்பீடுகள் கூறின. அப்படியானால் திரவத்தை அந்த நீளத்துக்கு ஒப்பான இடத்தில் அடைத்துவைத்தால், கூட்டு அசைவு விரிவதற்கு இடம் இருக்காது. நிலைமாற்றமும் நகர வேண்டும். மறைந்திருக்கும் ஒரு நீள அளவை வெளிக்கொணரும் வழியாகவே முதலில் பலரும் இடக்குறுக்கத்தை நாடினார்கள்.

அந்த நோக்கில் 1991 இல் ஜாக்சனும் மெக்கென்னாவும் வெளியிட்ட முடிவுகள் முன்னோடியானவை. ஆர்த்தோ-டெர்ஃபீனைல், பென்சைல் ஆல்கஹால் ஆகிய எளிய கரிமத் திரவங்களை, துளை அளவு கட்டுப்படுத்தப்பட்ட கண்ணாடியின் நுண்துளைகளுக்குள் நிரப்பி, வெப்ப அளவியல் முறையில், அதாவது பொருள் ஏற்கும் வெப்பத்தை அளந்து, நிலைமாற்றத்தைப் பார்த்தார்கள். துளை சிறுத்தபோது நிலைமாற்ற வெப்பநிலை இறங்கியது, 8.5 நானோமீட்டர் துளையில் ஆர்த்தோ-டெர்ஃபீனைலுக்கு இறக்கம் ஏறத்தாழ 18 கெல்வின். துளைச் சுவர்களில் திரவம் வலுவாக ஒட்டிக்கொள்ளாதபடி அவர்கள் சுவர்களை வேதி முறையில் பதப்படுத்தியிருந்தார்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அந்தச் சிறு குறிப்பின் எடை பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது.

கேம்பிரிட்ஜ் அளவீட்டின் உள்ளே

பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, வேகமாகச் சுழலும் தகட்டின்மீது துளியாக விட்டால், கரைசல் பரவி, கரைப்பான் ஆவியாகி, சீரான படலம் எஞ்சும். கரைசலின் செறிவையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு தடிமனைத் தேர்ந்துகொள்ளலாம். பிறகு படலத்தை நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேல் சூடாக்கி வைத்து, எஞ்சிய கரைப்பானையும் உள் இறுக்கத்தையும் போக்க முயல்வார்கள். அளப்பதற்குப் பயன்பட்டது எலிப்சோமெட்ரி: முனைவாக்கப்பட்ட ஒளி படலத்தில் பட்டு எதிரொளிக்கும்போது அதன் முனைவு நிலையில் நிகழும் மாற்றத்திலிருந்து தடிமனைக் கணக்கிடும் முறை. பாலிஸ்டைரீன் இளகிய நிலையில் விரியும் வீதம், கண்ணாடி நிலையில் விரியும் வீதத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே வெப்பநிலைக்கு எதிராகத் தடிமனை வரைந்தால் கோட்டில் ஒரு முறிவு தெரியும். அந்த முறிவு விழும் இடமே நிலைமாற்ற வெப்பநிலை.

இந்த அளவீடு எவ்வளவு நுட்பமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். தகட்டில் ஒட்டிய படலம் பக்கவாட்டில் விரிய முடியாது. விரிவு முழுவதும் தடிமனிலேயே தெரிய வேண்டும். 10 நானோமீட்டர் படலத்தை இளகிய நிலையில் 10 கெல்வின் சூடாக்கினால் தடிமன் ஏறத்தாழ 0.05 நானோமீட்டர் கூடும். இது ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. ஒளிக்கற்றை விழும் பரப்பு முழுவதற்கும் எடுத்த சராசரி என்பதால்தான் இந்த அளவு சாத்தியமாகிறது. படலம் மெலிய மெலிய முறிவு மழுங்கி, மாற்றம் அகன்ற வெப்பநிலை இடைவெளியில் பரவுவதையும் 2001 இல் கவானாவும் ஜோன்ஸும் விரிவாகக் காட்டினார்கள். மாற்றத்தின் மேல்முனை பருமப் பொருளின் மதிப்புக்கு அருகிலேயே நிற்க, கீழ்முனைதான் தாழ்ந்துபோகிறது. ஒற்றை எண்ணாக வெளியிடப்பட்ட மதிப்பு உண்மையில் ஒரு பரவலின் பிரதிநிதி என்பதை அது உணர்த்தியது.

1994 ஆம் ஆண்டு முடிவில் என்னை மிகவும் கவர்வது 25 கெல்வின் என்ற எண் அல்ல. சங்கிலி நீளத்தைப் பற்றிய சோதனைதான். மூலக்கூறு எடை 1,20,000 முதல் 29,00,000 வரை உள்ள பாலிஸ்டைரீன்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் வகையில் சுருண்டுகிடக்கும் ஒரு சங்கிலியின் சுழல் ஆரம், அதாவது அந்தச் சுருளின் சராசரி அளவு, ஏறத்தாழ 10 நானோமீட்டர். கடைசி வகையில் 45 நானோமீட்டருக்கு மேல். சங்கிலி நசுக்கப்படுவதுதான் காரணம் என்றால், நீளமான சங்கிலிகள் கொண்ட படலத்தில் விளைவு மிகத் தடிமனான நிலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. எல்லாச் சங்கிலிகளும் ஏறக்குறைய ஒரே வளைகோட்டில் விழுந்தன. ஆகவே தடிமனோடு போட்டியிடும் நீளம் சங்கிலியின் அளவு அல்ல. படலத்தின் வெளிப்புறத்தில் காற்றைத் தொடும் ஒரு மெல்லிய அடுக்கு, உட்பகுதியைவிட இளகிய தன்மையோடு இருக்கிறது என்றும், படலம் மெலியும்போது அந்த அடுக்கின் பங்கு கூடுகிறது என்றும் ஆசிரியர்கள் விளக்கினார்கள்.

எல்லைகளை மாற்றிப் பார்த்தல்

மேற்பரப்பே காரணம் என்றால், மேற்பரப்பை மாற்றினால் விளைவும் மாற வேண்டும். அதே குழு அதே ஆண்டில் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட்டை எடுத்துக்கொண்டது. தங்கம் பூசிய தகட்டில் மெல்லிய படலங்களின் நிலைமாற்ற வெப்பநிலை இறங்கியது. இயற்கையான ஆக்சைடு அடுக்கு கொண்ட சிலிக்கானில் அது ஏறியது. ஒரே பாலிமர், ஒப்பிடத்தக்க தடிமன், எதிரெதிரான திசை. ஆக்சைடு மேற்பரப்பு அந்தப் பாலிமரின் பக்கக் குழுக்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளக்கூடியது. அங்கே பிடிபட்ட சங்கிலித் துண்டங்கள் அசைவிழக்கின்றன, அவற்றை ஒட்டியவையும் மெதுவாகின்றன. தங்கத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. சிறிய இடத்தில் அடைபட்டால் நிலைமாற்ற வெப்பநிலை குறையும் என்ற பொதுவிதி இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிட்டது.

தாங்கும் தகட்டையே நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஃபாரஸ்ட், டால்நோக்கி-வெரெஸ், ஸ்டீவன்ஸ், டட்சர் ஆகியோர் கேட்டார்கள். பாலிஸ்டைரீன் படலத்தைத் தகட்டிலிருந்து உரித்து, ஒரு துளைக்குக் குறுக்கே இரு புறமும் காற்றுப் படும்படி விரித்து, ஒளிச்சிதறல் முறையில் அளந்து 1996 இல் வெளியிட்டார்கள். 70 நானோமீட்டருக்குக் கீழேயே இறக்கம் தொடங்கியது. 20 நானோமீட்டர் படலத்தில் அது 70 கெல்வின் வரை போனது. குறுகிய சங்கிலிகளில் பிற்பாடு எடுத்த அளவுகள் இன்னும் தெளிவாக இருந்தன. இரு புறமும் திறந்த படலம், தகட்டில் ஒட்டிய பாதித் தடிமனுள்ள படலத்தைப்போல நடந்துகொண்டது. ஒரு திறந்த மேற்பரப்புக்குப் பதில் இரண்டு இருப்பதன் நேரடி விளைவு அது. நீண்ட சங்கிலிகளில் மட்டும், திறந்த படலங்களின் இறக்கம் மூலக்கூறு எடையையும் சார்ந்திருந்தது. மேற்பரப்பைத் தொடும் கண்ணிகளின் வழியே சங்கிலி தன் நீளவாக்கில் வழுக்கி, மேற்பரப்பின் அசைவை உள்ளே கடத்தக்கூடும் என்று 2000 இல் டி ஜென் ஒரு விளக்கம் தந்தார். அழகான கருத்து, எனினும் எல்லா அளவீடுகளையும் அது விளக்கிவிடவில்லை.

2003 இல் வந்த இரண்டு சோதனைகள் இந்த நிகழ்வில் திருப்புமுனை. முதலாவதில், ஷார்ப்பும் ஃபாரஸ்ட்டும் பாலிஸ்டைரீன் படலத்தின் திறந்த மேற்பரப்பை மெல்லிய உலோக அடுக்கால் மூடினார்கள். மூடிய படலம், 10 நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனிலும், பருமப் பொருளின் மதிப்பையே காட்டியது. தடிமன் அப்படியே இருக்க, இடக்குறுக்கம் அப்படியே இருக்க, திறந்த மேற்பரப்பு மட்டும் போனது, இறக்கமும் போனது. இரண்டாவதில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எலிசனும் டார்கெல்சனும் ஒளிரும் அடையாளக் குழுக்களைச் சங்கிலிகளில் பொருத்தி, அடையாளமிட்ட மெல்லிய அடுக்கை அடையாளமில்லாத தடித்த படலத்தின் மேலோ நடுவிலோ அடியிலோ வைத்தார்கள். அடையாளம் எங்கே இருக்கிறதோ அந்த அடுக்கின் நிலைமாற்றத்தை மட்டும் ஒளிர்வு சொல்லும். மேற்பரப்பில் இருந்த 14 நானோமீட்டர் அடுக்கு, பருமப் பொருளைவிட 32 கெல்வின் குறைந்த மதிப்பைக் காட்டியது. விளைவு அங்கேயே நின்றுவிடாமல் பல பத்து நானோமீட்டர் ஆழம்வரை படிப்படியாகக் குறைந்து சென்றது. படலமே மிக மெல்லியதானபோது மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் உள்ள வேறுபாடு மங்கியது. ஒரு படலத்துக்கு ஒரே நிலைமாற்ற வெப்பநிலை என்ற எண்ணமே இதனால் மாறிப்போனது. ஆழத்துக்கு ஆழம் மாறும் ஒரு சரிவு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு கருவியும் அந்தச் சரிவின் ஏதோ ஒரு சராசரியைப் படிக்கிறது.

எதிர்ப்புகள்

இவ்வளவுக்குப் பிறகும், இறக்கமே இல்லை என்று கூறிய தரவுகள் வந்துகொண்டே இருந்தன. அவை கவனக்குறைவான தரவுகளும் அல்ல. சில்லு வடிவ நுண் வெப்ப அளவிகளைக் கொண்டு நொடிக்குப் பல்லாயிரம் கெல்வின் வேகத்தில் படலத்தைச் சூடாக்கிய எஃப்ரெமோவ் குழுவினர், தடிமன் சார்ந்த மாற்றம் எதையும் காணவில்லை. ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் ஷிக் குழுவினர் மாறுதிசை வெப்ப அளவியலில் அதே முடிவுக்கு வந்தார்கள். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் க்ரெமர் குழுவினர் மின்காப்பு நிறமாலையியல் (மாறும் மின்புலத்துக்கு ஏற்ப மூலக்கூறுகள் திரும்பும் வேகத்தைப் பார்க்கும் முறை) மூலம் மிக மெல்லிய பாலிஸ்டைரீன் படலங்களின் துண்ட அசைவை அளந்து, அது பருமப் பொருளிலிருந்து வேறுபடவில்லை என்றார்கள். 2013 இல் அவர்கள் இன்னும் ஒரு படி போய், தகட்டின்மீது தனித்தனியாகக் கிடக்கும் ஒற்றைப் பாலிவைனைல் பிரிடீன் சங்கிலிகளையே அளந்தார்கள். அவற்றிலும் பெரும்பாலான துண்டங்கள் பருமப் பொருளில் போலவே அசைந்தன. தகட்டை நேரடியாகத் தொட்டவை மட்டுமே மெதுவாக இருந்தன.

முதல் சமாதானம் நேரத்தைப் பற்றியது. ஃபக்ராயும் ஃபாரஸ்ட்டும் 2005 இல் ஒரே படலத்தை வெவ்வேறு வேகங்களில் குளிர்வித்து அளந்தார்கள். நிமிடத்துக்கு 1 கெல்வின் என்ற மெதுவான வேகத்தில் மெல்லிய படலங்களின் இறக்கம் பெரிதாக இருந்தது. நிமிடத்துக்கு 100 கெல்வினை நெருங்கியபோது தடிமன் சார்ந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்தது. வேகமாக அளப்பது என்றால் அதிக வெப்பநிலையில் அளப்பது என்று பொருள். அதிக வெப்பநிலையில் படலத்தின் உட்பகுதியே விரைந்து அசைகிறது. மேற்பரப்புக்குத் தனிச் சலுகை எதுவும் மிஞ்சுவதில்லை. குளிரக் குளிர உட்பகுதியின் வேகம் செங்குத்தாகச் சரிகிறது. மேற்பரப்பின் வேகமோ மெல்லத்தான் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி நிலைமாற்ற வெப்பநிலையை ஒட்டித்தான் திறக்கிறது. நொடிக்குப் பல்லாயிரம் கெல்வினில் ஓடும் கருவியும் எலிப்சோமெட்ரியும் ஒரே பொருளின் இரு வேறு பகுதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டாவது சமாதானம் இன்னும் ஆழமானது. துண்டங்களின் தளர்வு நேரம் ஒன்று. குளிர்விக்கும்போது படலம் சமநிலையிலிருந்து எங்கே விலகுகிறது என்பது வேறொன்று. பருமப் பொருளில் இரண்டும் சேர்ந்தே நகர்வதால் அவற்றை ஒன்றாகவே எண்ணப் பழகிவிட்டோம். 2012 இல் கான்ஜலோசி உள்ளிட்ட குழுவினர் ஒரே வகைப் பாலிஸ்டைரீன் படலங்களில் இரண்டையும் அளந்து, துண்ட அசைவு மாறாமலிருக்கும்போதே சமநிலை விலகும் வெப்பநிலை தாழ்வதைக் காட்டினார்கள். பொருளுக்குள் இருக்கும் வெற்றிடத் துணுக்குகள் மேற்பரப்பை அடைந்து வெளியேறினால்தான் அடர்த்தி கூட முடியும். மெல்லிய படலத்தில் மேற்பரப்பு அருகிலிருப்பதால் அவை வெளியேறும் தூரம் குறைவு. எனவே அசைவின் வேகம் மாறாவிட்டாலும் படலம் நீண்ட நேரம் சமநிலையோடு ஒட்டிப் போகிறது என்பது அவர்களுடைய விளக்கம். எல்லாவற்றுக்கும் அது போதுமான விடையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் இரண்டு அளவுகளையும் பிரித்துப் பேச வேண்டும் என்ற வற்புறுத்தல் முழுக்கச் சரியானது.

மாதிரியின் வரலாறும் ஒரு காரணம். சுழற்பூச்சில் கரைப்பான் விரைந்து வெளியேறும்போது சங்கிலிகள் தளராத வடிவங்களில் சிக்கிக்கொள்கின்றன. ரைட்டர் குழுவினர் 2005 இல் இந்த எஞ்சிய இறுக்கம் படலம் கிழிவதையே தூண்டும் அளவுக்கு வலியது என்று காட்டினார்கள். நபொலிடானோவும் வுப்பன்ஹார்ஸ்ட்டும் 2011 இல், படலத்தை நெடுநேரம் உயர்ந்த வெப்பநிலையில் வைத்திருந்தால் சங்கிலிகள் மெல்ல மெல்லத் தகட்டில் மீளாதபடி ஒட்டிக்கொள்கின்றன என்றும், அந்த ஒட்டும் அடுக்கு வளர வளர நிலைமாற்ற வெப்பநிலை பருமப் பொருளின் மதிப்பை நோக்கித் திரும்புகிறது என்றும் வெளியிட்டார்கள். எவ்வளவு நேரம் பதப்படுத்தினீர்கள் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடுவது வீண்.

மேற்பரப்பை நேரடியாகத் தொட்டபோது

படலத்தின் சராசரியிலிருந்து மேற்பரப்பை ஊகிப்பதைவிட, மேற்பரப்பையே கேட்பது நல்லது. 2008 இல் ஃபக்ராயும் ஃபாரஸ்ட்டும் அதைத்தான் செய்தார்கள். தங்க நானோ உருண்டைகளைப் பாலிஸ்டைரீனில் சிறிதளவு பதியவைத்து, பிறகு அவற்றைப் பாதரசத்தில் கரைத்து எடுத்துவிட்டார்கள். மேற்பரப்பில் சில நானோமீட்டர் ஆழமுள்ள குழிகள் எஞ்சின. அணுவிசை நுண்ணோக்கியில் குழிகள் நிரம்பும் வேகத்தைப் பார்த்தால் மேற்பரப்பின் தளர்வு நேரம் கிடைக்கும். பருமப் பொருள் முற்றிலும் கண்ணாடியாக இறுகியிருக்கும் வெப்பநிலைகளில், அறை வெப்பநிலைக்கு அருகிலும்கூட, குழிகள் நிரம்பின. அந்த வேகம் வெப்பநிலையோடு மிக மெதுவாகவே மாறியது. பருமப் பொருளின் நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்று மேலே சென்றதும் மேற்பரப்பும் உட்பகுதியும் ஒன்றாகிவிட்டன. குளிர்விக்கும் வேகத்தைப் பற்றிய 2005 முடிவு ஏன் அப்படி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2010 இல் ட்சுயி குழுவினர், பின்னிக்கொள்ளாத அளவுக்குக் குட்டையான சங்கிலிகள் கொண்ட படலங்களின் மேற்பரப்பில் அலைவடிவங்கள் வளரும் விதத்தை அளந்து, மிக மெல்லிய படலங்களில் மேற்பரப்பின் ஓட்டமே முழுப் படலத்தின் ஓட்டத்தையும் தீர்மானிக்கிறது என்றார்கள். 2014 இல் மற்றொரு குழு, படலத்தின்மேல் கூர்மையான படிக்கட்டு விளிம்பு ஒன்றை அமைத்து, அது காலப்போக்கில் எப்படி வழுவழுப்பாகிறது என்று பார்த்தது. நிலைமாற்ற வெப்பநிலைக்கு மேலே படலம் முழுவதும் ஓடியது. அதற்குக் கீழே மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் ஓடியது. இந்த இரண்டு நடத்தைகளுக்கும் இடையிலான மாற்றம் சில கெல்வின் இடைவெளிக்குள் நடந்து முடிந்தது.

துளைக்குள் அடைபட்ட திரவம் ஏன் வேறுபடுகிறது?

படலத்தில் கற்றதை நுண்துளைக்கு அப்படியே எடுத்துச்செல்ல முடியாது. துளைக்குள் திறந்த மேற்பரப்பு இல்லை. எல்லாத் திசையிலும் சுவர்தான். மூடப்பட்ட பாலிஸ்டைரீன் படலம் இறக்கம் காட்டாதபோது, சுவர்கள் சூழ்ந்த ஆர்த்தோ-டெர்ஃபீனைல் 18 கெல்வின் இறக்கம் காட்டியது எப்படி? சுவரோடு பிணைப்பு இல்லாத திரவத்துக்கு, பதப்படுத்தப்பட்ட சுவர் ஏறக்குறையத் திறந்த மேற்பரப்பைப்போல நடந்துகொள்ளக்கூடும் என்பது ஒரு விடை. அடர்த்தி பற்றியது மற்றொன்று. சுவரை ஒட்டிய அடுக்கு முதலில் இறுகினால், நடுவில் உள்ள திரவம் மேலும் குளிரும்போது சுருங்க வழியின்றி, ஏறத்தாழ மாறாத கனஅளவில் நீட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. எதிர்மறை அழுத்தத்தில் உள்ள அந்தத் திரவத்தின் அடர்த்தி குறைவு. ஆகவே அசைவு எளிது, நிலைமாற்றம் தாழ்வு. சில திரவங்களில் இரண்டு தனித்தனி நிலைமாற்றங்கள் தென்பட்டதும், ஒன்று பருமப் பொருளின் மதிப்புக்கு மேலும் மற்றொன்று கீழும் விழுந்ததும், சுவர் அடுக்கு, நடுப்பகுதி என்ற இந்தப் படத்தோடு ஒத்துப்போகின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும் திரவங்கள் பதப்படுத்தாத சிலிக்காத் துளைகளில் சுவரருகே மெதுவாவதும் இதே வரிசையில் சேர்ந்தது.

நீரைப் பொறுத்தவரை இடக்குறுக்கம் வேறொரு வேலையும் செய்கிறது. பருமனான நீரை ஏறத்தாழ 235 கெல்வினுக்குக் கீழே திரவமாக வைத்திருக்க முடியாது, அது படிகமாகிவிடும். 2 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்காத் துளைகளில் படிகம் உருவாக இடமில்லாததால் நீர் அதற்கும் கீழே திரவமாக நிற்கிறது. ஆனால் அங்கே அளக்கப்படுவது நீரின் இயல்பா, சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரின் இயல்பா என்ற கேள்வி அந்த முடிவுகள் ஒவ்வொன்றையும் பின்தொடர்கிறது. 2 நானோமீட்டர் துளையில் சுவரைத் தொடாத நீர் மூலக்கூறுகள் மிகக் குறைவு.

இந்த அறிவின் பயன்கள்

வாயுக்களைப் பிரிக்கும் கண்ணாடிநிலைப் பாலிமர் சவ்வுகளில் உண்மையில் வேலை செய்யும் அடுக்கு ஏறத்தாழ நூறு நானோமீட்டர் தடிமன்தான். அந்த அளவில் சவ்வு தடித்த படலத்தைவிட வேகமாக மூப்படைந்து, அடர்ந்து, ஊடுருவு திறனை இழக்கிறது. தடித்த மாதிரியில் எடுத்த மூப்பு வீதத்தைக் கொண்டு சவ்வின் ஆயுளைக் கணிப்பது தவறான விடையைத் தரும். நானோ துகள் கலந்த பாலிமர்களில், துகளுக்கும் பாலிமருக்கும் ஒட்டுறவு உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்து நிலைமாற்ற வெப்பநிலை ஏறுவதும் இறங்குவதும், படலங்களில் கண்ட அதே எல்லை விளைவின் மறுபதிப்பு.

இவை எல்லாவற்றையும்விட ஆச்சரியமான பயன், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஈடிகர் குழுவினர் 2007 இல் வெளியிட்டது. கரிம மூலக்கூறுகளை ஆவியாக்கி, நிலைமாற்ற வெப்பநிலையின் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் வைக்கப்பட்ட தகட்டின்மீது மெதுவாகப் படியவிட்டார்கள். வந்து விழும் ஒவ்வொரு மூலக்கூறும் அடுத்த அடுக்கால் மூடப்படும்வரை சிறிது நேரம் மேற்பரப்பில் இருக்கிறது. மேற்பரப்பில் அசைவு விரைவாக இருப்பதால், அந்தச் சிறு நேரத்துக்குள் அடர்ந்து பொருந்தும் இடத்தைத் தேடிக்கொள்கிறது. இப்படி அடுக்கடுக்காக உருவான கண்ணாடி, திரவத்தைக் குளிர்வித்து நடைமுறையில் பெறவே முடியாத அளவு அடர்த்தியும் நிலைப்பும் கொண்டிருந்தது. இண்டோமெத்தசின் என்ற மருந்துப் பொருளில், நிலைமாற்ற வெப்பநிலையில் மேற்பரப்புப் பரவல் உட்பகுதிப் பரவலைவிடப் பத்து இலட்சம் மடங்கு வேகமானது என்று 2011 இல் நேரடியாக அளக்கப்பட்டது. அந்த வேகமே அதே கண்ணாடி மருந்து தன் மேற்பரப்பில் விரைவாகப் படிகமாகிக் கெடுவதற்கும் காரணம்.

இந்த நிகழ்வில் இன்னும் தீராதது ஆழத்தைப் பற்றிய கேள்வி. கூட்டு அசைவின் நீளம் சில நானோமீட்டர்தான். கணினி உருவகங்களும் மேற்பரப்பின் தாக்கம் அந்த அளவிலேயே தேய்ந்துபோவதைக் காட்டுகின்றன. ஆனால் உருவகங்கள் எட்டும் காலம் மிகக் குறுகியது. அவை பார்ப்பது ஆய்வகத்து நிலைமாற்றத்துக்கு வெகு மேலேயுள்ள வெப்பநிலைகளை. ஒளிர்வு அளவீடுகளோ பல பத்து நானோமீட்டர் ஆழம்வரை தாக்கத்தைக் காண்கின்றன. உருவகங்களின் காலத்தை நீட்டுவதும், மெதுவாகக் குளிர்வித்த, நன்றாகப் பதப்படுத்திய ஒரே மாதிரியில் அடுக்கு அடுக்காகத் துண்ட அசைவையும் சமநிலை விலகலையும் சேர்த்து அளப்பதும்தான் இந்த இடைவெளியை அடைக்கும்.